பார்க்கப்படுவோரும் பார்க்க மறுப்போரும்

2024 மார்ச் 28 ஆம் நாள் பிரெஞ்சுத் தேசியப் பேரவையில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. 1961 ஒக்ரோபர் 17 ஆம் நாள் இரவு பரிஸ் மாநகரின் தெருக்களிலும் பாலங்களிலும் அல்ஜீரியர்கள் பொலிஸாரால் கொல்லப்பட்டமையைக் கண்டிக்கும் தீர்மானம் அது. ஆதரவாக 67 வாக்குகள் விழுந்தன, எதிராக 11. பேரவையின் ஆசனங்களோ 577. ஏறத்தாழ ஐந்நூறு பேரின் வாக்கு எந்தப் பக்கமும் விழவில்லை. ‘அரசின் குற்றம்’ என்ற சொற்றொடர் தீர்மானத்தின் வாசகத்தில் இடம்பெறவுமில்லை. தன் தலைநகரின் நடுவில் நிகழ்ந்த ஒன்றை நேராகப் பார்ப்பதற்கு, அறுபத்திரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னரும், ஒரு நாட்டின் நாடாளுமன்றம் இவ்வளவு தயங்கியிருக்கிறது.

இச்செய்தியைப் படித்தபோது நம் நினைவுக்கு வந்தது ஒரு திரைப்படம். ஒஸ்திரிய இயக்குநர் மிக்கேல் ஹனெகே பிரெஞ்சு மொழியில் எடுத்து, 2005 ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநருக்கான விருதைப் பெற்ற ‘கஷே’ என்னும் படம். ஒளித்து வைக்கப்பட்டது என்பது அச்சொல்லின் பொருள். கண்காணிப்பு பற்றிய திகில் படங்களுக்குக் குறைவில்லை. கொப்பொலாவின் ‘தி கொன்வசேஷன்’ 1974 இல் வந்தது. அமெரிக்க உளவு நிறுவனம் ஒரு வழக்கறிஞரைத் துரத்தும் ‘எனமி ஒஃப் த ஸ்ரேற்’ 1998 இல் வந்தது. அவற்றில் எல்லாம் கருவிகள் பிரமாண்டமானவை. பார்வையாளர் துரத்தப்படுபவனின் பக்கம் நின்று அஞ்சுகிறார். ஹனெகேயின் படத்தில் இருப்பது சாதாரண வீடியோ நாடா மாத்திரமே. அஞ்சுபவனின் பக்கம் நிற்பதா வேண்டாமா என்பதே அங்கு கேள்வியாகிறது. அகதிகளாக இந்நாடுகளில் வாழும் நாம் இப்படத்தை ஒரு பிரெஞ்சுக்காரர் பார்ப்பது போலப் பார்க்க இயலாது.

படம் ஒரு வீட்டின் முகப்புடன் தொடங்குகிறது. பரிஸின் 13 ஆம் வட்டாரத்தில் ஒரு சிறு தெரு. வசதியான குடும்பம் ஒன்றின் வீடு. கமரா அசைவதில்லை. யாரோ நடந்து போகிறார்கள். குறிப்பிடத்தக்க எதுவும் நிகழ்வதில்லை. பின்னணி இசையும் இல்லை. படம் முழுவதிலும் இல்லை. சற்று நேரத்தின் பின் இருவர் பேசும் குரல் கேட்கிறது. திரையில் கோடுகள் ஓடுகின்றன. காட்சி பின்னோக்கிச் சுழல்கிறது. நாம் இதுவரை பார்த்தது அத்தெருவை யாரோ பதிவு செய்த ஒளிநாடாவை என்பது அப்போதுதான் புரிகிறது. அந்த வீட்டுக்காரர் தம் மனைவியோடு அமர்ந்து அதனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அவர் பெயர் ஜோர்ஜ் லோரன். தொலைக்காட்சியில் நூல்களைப் பற்றிய நிகழ்ச்சியை நடத்துபவர். நாடு முழுவதும் அவர் முகத்தை அறியும். அவர் விரும்பிக் காட்டும் முகம் அது. வீட்டுச் சுவரெங்கும் நூல்கள். அவற்றின் நடுவே தொலைக்காட்சிப் பெட்டி. யாரோ அவ்வீட்டை மணிக்கணக்காகப் படம் பிடித்து நாடாவை வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள். பணம் கேட்கவில்லை, மிரட்டல் கடிதமும் இல்லை. நாடாவைச் சுற்றிய தாளில் குழந்தை கிறுக்கியது போன்ற ஓர் ஓவியம் மாத்திரம் உள்ளது: வாயிலிருந்து இரத்தம் வழியும் ஒரு முகம். பின்னர் வரும் ஓவியத்தில் கழுத்து அறுபட்ட சேவல்.

ஜோர்ஜ் பொலிஸாரிடம் முறையிடுகிறார். சேதம் எதுவும் நேராதவரை தாம் செய்வதற்கு ஒன்றுமில்லை என்கிறார்கள் அவர்கள். எரிச்சலோடு வெளியே வந்து பாராமல் தெருவில் இறங்குபவர், எதிர்த்திசையில் வந்த ஒரு கறுப்பின இளைஞனின் சைக்கிளில் மோதப் பார்க்கிறார். அவனை வாயில் வந்தபடி ஏசுகிறார். அந்த இளைஞன் பணியவில்லை. ஒரு நிமிடமே வரும் காட்சி இது. தான் பார்க்கப்படுவதைப் பொறுக்காத மனிதர், தாம் பார்க்காமல் நடந்ததற்கு இன்னொருவரைக் குற்றஞ்சாட்டுகிறார். நாற்பது வருடங்களாக அவர் செய்துவருவதும் இதுவே.

நாற்பது வருடங்களுக்கு முந்திய கதை இது. ஜோர்ஜின் பெற்றோருக்கு நாட்டுப்புறத்தில் ஒரு பண்ணை. அங்கு வேலை செய்த அல்ஜீரியத் தம்பதியர் 1961 ஒக்ரோபர் 17 ஆம் நாள் பரிஸ் ஆர்ப்பாட்டத்திற்குச் சென்றார்கள், திரும்பி வரவில்லை. அவர்களது மகன் மஜீதைத் தத்தெடுக்கப் பண்ணைக்காரர் எண்ணினர். ஆறு வயது ஜோர்ஜுக்குத் தன் அறையைப் பகிர விருப்பமில்லை. மஜீத் இரத்தம் கக்குவதாகப் பெற்றோரிடம் பொய் சொன்னான். பின்னர், சேவலைக் கொல்லுமாறு அப்பா சொன்னார் என்று மஜீதிடம் சொல்லிக் கொல்ல வைத்து, தன்னைப் பயமுறுத்தவே மஜீத் அதைச் செய்தான் என்று வீட்டாரிடம் முறையிட்டான். மஜீத் அநாதை இல்லத்திற்கு அனுப்பப்பட்டான். ஜோர்ஜ் படித்தார், வளர்ந்தார், புகழ் பெற்றார்.

ஒரு நாடா காட்டிய வழியைப் பின்பற்றி ஜோர்ஜ் புறநகரான றோமன்விலில் உள்ள ஒரு சமூக மாடிக் குடியிருப்பின் கதவைத் தட்டுகிறார். கதவைத் திறப்பவர் நடுவயது கடந்த மஜீத். நாடாக்களைப் பற்றித் தமக்கு எதுவும் தெரியாது என்கிறார். வந்தவரை உட்காரச் சொல்கிறார். வந்தவரோ மிரட்டிவிட்டுப் போகிறார். வீடு திரும்பி, அங்கு எவரும் இருக்கவில்லை என்று மனைவியிடம் பொய் கூறுகிறார். அச்சந்திப்பையே பதிவு செய்த இன்னொரு நாடா பின்னர் வருகிறது. ஜோர்ஜ் போன பின்னர் மஜீத் தனியே அமர்ந்து நெடுநேரம் அழுவது அதில் உள்ளது. மனைவி அதனைப் பார்க்கிறார். கணவரின் பொய் அம்பலமாகிறது.

இதன் பின்னர் ஓர் இரவு ஜோர்ஜின் மகன் வீடு திரும்பவில்லை. இப்போது பொலிஸார் விரைந்து வருகிறார்கள். ஒரு நாடாவுக்காக அசையாதவர்கள், ஓர் அல்ஜீரியரின் பெயரும் முகவரியும் கிடைத்தவுடன் ஜோர்ஜை அழைத்துக்கொண்டு றோமன்விலுக்குச் செல்கிறார்கள். மஜீதும் அவரது மகனும் வாகனத்தில் ஏற்றப்பட்டு ஓர் இரவு முழுவதும் அடைத்து வைக்கப்படுகிறார்கள். ஜோர்ஜின் பையன் நண்பன் வீட்டில் தூங்கியிருக்கிறான். காலையில் வந்து சேர்கிறான். மஜீதிடம் எவரும் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை. அடுத்த சந்திப்பில் மஜீத், ஜோர்ஜ் உடனிருக்க வேண்டும் என்றே அழைத்ததாகக் கூறி, அவர் கண்முன்னே தம் உயிரை மாய்த்துக்கொள்கிறார். அங்கிருந்து வெளியேறும் ஜோர்ஜ் நேரே செல்வது ஒரு திரையரங்கிற்கு.

நாடாக்களை அனுப்பியவர் யார்? படம் இதற்கு விடை தரவில்லை. விமர்சகர்களும் இரசிகர்களும் இருபது வருடங்களாக இதனைத் துப்புத் துலக்குகிறார்கள். மஜீதா, அவர் மகனா, ஜோர்ஜின் மகனா என்று. ஹனெகே இப்படத்தை உயர்தரக் காணொளிக் கமராவில் எடுத்திருப்பதால் நாடாவின் காட்சியும் படத்தின் காட்சியும் ஒன்றுபோலவே தோன்றுகின்றன. எது எதுவெனப் பிரித்தறிவது கடினம். இத்துப்புத் துலக்கலில் இறங்கும் பார்வையாளர் ஜோர்ஜின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறார் என்பதே நமது கணிப்பு. யார் அனுப்பினார் என்று கேட்பவர், நாடாவில் என்ன இருக்கிறது என்று கேட்கத் தேவையில்லை. அரசுகள் இதனை நன்கறியும். இரகசிய ஆவணமொன்று வெளிவந்தால் முதலில் தேடப்படுபவர் அதனை வெளியிட்டவர்.

1961 இல் நடந்தது என்ன என்பதைப் படம் ஓரிரு வாக்கியங்களில் மாத்திரமே சொல்கிறது. நம் வாசகர்களில் இளையோருக்காகச் சற்று விரிவாகக் கூறுவது பொருந்தும். அல்ஜீரிய விடுதலைப் போர் அதன் இறுதிக் கட்டத்தில் இருந்தது. விடுதலை முன்னணியினர் பரிஸில் பொலிஸாரைச் சுட்டுக் கொன்றதும் அவ்வாண்டு நிகழ்ந்ததே. ஒக்ரோபர் 5 ஆம் நாள் பரிஸ் பொலிஸின் தலைமை அதிகாரி மொறிஸ் பப்போன், அல்ஜீரியத் தொழிலாளர் இரவு எட்டரை மணியிலிருந்து காலை ஐந்தரை மணிவரை தெருவில் நடமாடலாகாது என்று அறிவித்தார். ஓர் இனத்தவருக்கு மாத்திரம் ஊரடங்கு விதிக்கச் சட்டம் இடந்தராது. ஆகவே வாசகம் ‘அறிவுரை’ என்ற வடிவில் அமைந்தது. அதனை எதிர்த்து 17 ஆம் நாள் மாலை இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட அல்ஜீரியர்கள், பெண்களும் பிள்ளைகளுமாக, நல்லுடை உடுத்தி, ஆயுதமின்றி நகரின் நடுப்பகுதிக்கு வந்தனர். அன்றிரவு மாத்திரம் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாகினர். நகரப் பேருந்துகள் அவர்களை விளையாட்டு அரங்குகளுக்கு ஏற்றிச் சென்றன. அடித்துக் கொல்லப்பட்டோர் உளர்; செய்ன் ஆற்றில் வீசப்பட்டோர் உளர். அரசு ஏற்றுக்கொண்ட மரணங்கள் மூன்று. வரலாற்றாய்வாளரின் கணிப்புகள் பல பத்துக்களில் தொடங்கி இருநூறு வரை செல்கின்றன. பாத்திமா பெடார் என்ற 15 வயது மாணவியின் உடல் அம்மாத இறுதியில் சென் டெனி கால்வாயில் கிடைத்தது. தற்கொலை என்று பதிவாயிற்று. நம்மவர் பலர் இன்று குடியிருக்கும் பகுதிகளின் ஊடாகவே அக்கால்வாய் ஓடுகிறது.

கண்காணிப்பு என்ற விடயம் இங்கேதான் நுழைகிறது. அந்த அல்ஜீரியர்கள் அரசின் கண்ணுக்குத் தெரியாதவர்கள் அல்லர். 1958 இல் பப்போன் பரிஸில் ஒரு சேவையை நிறுவியிருந்தார். அல்ஜீரியருக்குப் பத்திரங்கள் பெறவும் குறைகளைத் தீர்க்கவும் உதவுவது அதன் வெளித்தோற்றம். வந்தவர் ஒவ்வொருவரைப் பற்றியும் கோவை திறப்பது அதன் உள்வேலை. 1959 இல் வன்சென்னில் அடையாளம் காணும் தடுப்பு நிலையம் திறக்கப்பட்டது. எவர் எங்கு வசிக்கிறார், எங்கு வேலை செய்கிறார், எவரோடு பழகுகிறார் என்பதெல்லாம் எழுத்தில் இருந்தன. இவ்வளவையும் பார்த்து வைத்திருந்த அதே நிர்வாகம், அவர்கள் பாலத்திலிருந்து வீசப்பட்டபோது எதையும் பார்க்கவில்லை என்றது.

பார்த்தவர்கள் வேறு சிலர் இருந்தார்கள். எலி ககன் என்ற புகைப்படக்காரர் அன்றிரவு படங்கள் எடுத்தார். ஜாக் பனிஜெல் என்பவர் உடனடியாகவே சாட்சிகளைக் கொண்டு ‘ஒக்தோபர் ஆ பரி’ என்ற ஆவணப்படத்தை எடுத்தார். 1962 இல் அதன் பிரதியைப் பொலிஸார் பறித்தனர். அப்படம் முறையாகத் திரையரங்கிற்கு வந்தது 2011 இல், ஐம்பது வருடங்கள் கழித்து. பப்போன் இதற்கிடையில் அமைச்சராகவும் இருந்துவிட்டார். ஜேர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் போர்தோவிலிருந்து யூதர்களை நாடுகடத்தியதில் அவருக்கிருந்த பங்குக்காக 1998 ஏப்ரலில் பத்து வருடச் சிறைத் தண்டனை பெற்றார். 1961 இன் கொலைகளுக்காக அவர் மீது எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்கவில்லை. அவரோ, தம்மைக் குற்றஞ்சாட்டி எழுதிய ஜோன்-லுக் ஐனோதி மீது அவதூறு வழக்குத் தொடுத்தார். 1999 இல் தோற்றார். அவ்வழக்கில் ஐனோதிக்கு ஆதரவாகச் சாட்சி கூறிய பரிஸ் ஆவணக் காப்பாளர் இருவர், பிறிஜித் லெனேயும் பிலிப் கிரானும், பின்னர் தம் அலுவலகத்திலேயே வேலை கொடுக்கப்படாமல் ஒதுக்கி வைக்கப்பட்டனர். கோவை இருக்கிறது என்று சொன்னதே அவர்கள் செய்த தவறு.

படம் பிரான்சில் வெளியான நாள் 2005 ஒக்ரோபர் 5. பப்போனின் அறிவித்தலுக்கு அன்றோடு சரியாக நாற்பத்து நான்கு வருடங்கள். இது தற்செயலாகவே இருக்கலாம். அடுத்து நடந்தவற்றைத் தற்செயல் என்று சொல்லிவிட முடியாது. அவ்வருடம் பெப்ரவரியில்தான் காலனித்துவத்தின் ‘ஆக்கபூர்வமான பங்கினை’ப் பள்ளிகள் கற்பிக்க வேண்டும் என்ற பிரிவு கொண்ட சட்டம் நிறைவேறியிருந்தது, எதிர்ப்பின் பின்னர் 2006 இல் அப்பிரிவு நீக்கப்பட்டது. ஒக்ரோபர் 27 ஆம் நாள் கிளிஷி-சூ-புவாவில் பொலிஸாருக்கு அஞ்சி ஓடிய இரு சிறுவர் மின்மாற்று நிலையத்துள் மின்சாரம் தாக்கி இறந்தனர். புறநகரங்கள் தீப்பற்றின. நவம்பர் 8 ஆம் நாள் அரசு அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தது. அதற்கு எடுத்த சட்டம் 1955 ஏப்ரல் 3 ஆம் திகதியது. அல்ஜீரியப் போருக்கென்றே இயற்றப்பட்டது. திரையரங்கில் ஓடிக்கொண்டிருந்த கதை அப்போது தெருவிலும் நடந்துகொண்டிருந்தது.

நமக்கு இதில் என்ன என்று கேட்கும் வாசகர் தம் ஊரை நினைத்துப் பார்க்கலாம். 1983 யூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்தவர்களின் கைகளில் வாக்காளர் பட்டியல்கள் இருந்தன. சுற்றிவளைப்பின்போது முகமூடியிட்ட ‘தலையாட்டி’யின் முன்னால் வரிசையில் நடந்தவர்கள் இப்பத்திரிகையின் வாசகரில் எத்தனையோ பேர். அந்தத் தலை ஒருமுறை அசைந்தால் என்ன நிகழும் என்பதை அவர்களுக்கு எந்தத் திகில் படமும் கற்பிக்க வேண்டியதில்லை. இங்கு வந்த பின்னரும் பார்வை முடிவதில்லை. 2003 ஜனவரி முதல் ஐரோப்பாவில் தஞ்சம் கோருவோரின் பத்து விரல்களின் ரேகைகளும் யூரோடாக் என்னும் பதிவேட்டுக்குள் போகின்றன. பதினான்கு வயது என்றிருந்த கீழெல்லையை 2024 இல் ஏற்கப்பட்ட புதிய விதி ஆறாகக் குறைத்து, முகப்படத்தையும் சேர்த்துள்ளது. மஜீத் பண்ணையிலிருந்து ஏற்றிச் செல்லப்பட்டது ஏறக்குறைய அந்த வயதில்தான்.

ஒருவர் எந்த எல்லையில், எந்த நாளில் கால் வைத்தார் என்பதை இப்பதிவேடு ஐயமின்றி அறியும். அவரே அகதிகளுக்கான அலுவலகத்தில், ஒஃப்ராவின் மேசைக்கு முன் அமர்ந்து, முகாமில் தமக்கு நேர்ந்ததைச் சொல்லும்போது, கூற்று போதிய விவரமுடையதன்று, சான்றில்லை என்ற விடை வருகிறது. பயணத்தை நாளும் இடமும் குறித்துக் காட்டும் கருவி, அப்பயணம் ஏன் தொடங்கியது என்ற கேள்விக்கு வந்தவுடன் குருடாகிவிடுகிறது. 1961 இன் கோவைகளுக்கும் இதற்கும் அளவில் ஒப்பீடு இல்லை. இங்கு எவரும் ஆற்றில் வீசப்படவில்லை. ஆயினும் கோவை எழுதுபவர் எதைக் குறிப்பார், எதைக் குறிக்காமல் விடுவார் என்ற பழக்கம் பழையதுதான்.

அச்சத்தைப் பற்றியும் ஒரு சொல். நம்மவர் கூட்டங்களில் கமராவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வோர் பலர். ஊரில் தாய் தந்தையர் இருக்கிறார்கள் என்பார்கள். இதனை மனநோய் என்று எளிதாகச் சொல்லிவிடுவோரும் உளர். 2013 இல் பிரித்தானியாவின் மேல் தீர்ப்பாயம் இலங்கைத் தமிழரின் தஞ்ச வழக்குகளுக்கான வழிகாட்டித் தீர்ப்பொன்றில், இலங்கை அரசின் உளவு நடவடிக்கை புலம்பெயர்ந்தோரின் செயற்பாடுகள் வரை நுணுக்கமாக எட்டுகிறது என ஏற்றுக்கொண்டது. காரணமுள்ள அச்சம் இது. ஜோர்ஜின் அச்சத்திலிருந்து இது வேறுபடும் இடம் தெளிவானது. அவர் அஞ்சுவது தாம் செய்தது தெரியவரும் என்று. நம்மவர் அஞ்சுவது தமக்குச் செய்யப்பட்டது மீண்டும் செய்யப்படும் என்று. ஆயின் இரண்டும் வீட்டுக்குள் செய்யும் வேலை ஒன்றாகவே இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஜோர்ஜ் மனைவியிடம் பொய் சொல்கிறார். மகன் தாயைச் சந்தேகிக்கிறான். நம் சங்கங்களில், கடைகளில், ஒரே அறையில் ஆறு பேர் தங்கிய நாட்களில், இவன் யாருடைய ஆள் என்ற ஐயம் எத்தனை நட்புகளை அழித்தது என்பதை இங்கு எழுதத் தேவையில்லை.

படத்தின் மீது கடுமையான குற்றச்சாட்டும் உண்டு. பிரித்தானியச் சிந்தனையாளர் போல் கில்றோய் 2007 இல் எழுதிய கட்டுரையில், மஜீதுக்கு உள்வாழ்வு எதுவும் தரப்படவில்லை, பிரெஞ்சு நடுத்தர வர்க்கத்தின் மனச்சாட்சியை உலுக்குவதற்காகவே அவர் சாகடிக்கப்படுகிறார் என்ற பொருளில் வாதிட்டார். இதில் பெரும்பகுதி நமக்கும் உடன்பாடே. மஜீத் நாற்பது வருடங்கள் எப்படி வாழ்ந்தார், அவர் மனைவி யார், எங்கே வேலை செய்தார் என்று படம் கேட்கவேயில்லை. அவ்வீட்டுக்குள் கமரா போனது ஜோர்ஜ் போனபோது மாத்திரமே. ஓர் அல்ஜீரியர் எடுத்திருந்தால் படம் வேறு வீட்டிலிருந்து தொடங்கியிருக்கும். ஆனால் ஒன்றை ஹனெகேக்கு ஒப்ப வேண்டும். 1961 பற்றித் தாம் அறிந்ததே ஒரு தொலைக்காட்சி ஆவணப்படத்தின் வாயிலாகத்தான் என்று கூறிய அவர், தம் வர்க்கத்தவரின் வீட்டை உள்ளிருந்து காட்டினார். பிறர் வீட்டை அறிந்தது போல நடிக்கவில்லை.

மஜீதின் மகன் ஜோர்ஜின் அலுவலகத்திற்கு வருவது படத்தின் மிகச் சிறந்த காட்சி. அமைதியாகப் பேசுகிறான் அந்த இளைஞன். நாடாக்களைத் தான் அனுப்பவில்லை என்கிறான். ஒரு மனிதனின் சாவை மனத்தில் சுமப்பவர் எப்படியிருப்பார் என்று காணவே வந்ததாகக் கூறுகிறான். ஜோர்ஜ் பொலிஸாரை அழைப்பேன் என்கிறார். பின்னர் வீடு சென்று, இரண்டு மாத்திரைகளை விழுங்கி, திரைச்சீலைகளை இழுத்து மூடி, பட்டப் பகலில் படுத்துக்கொள்கிறார். அவரது உறக்கத்தில் எழும் காட்சி பண்ணை முற்றம். தூரத்திலிருந்து, அசையாத கமராவில், ஒரு சிறுவனை இருவர் பிடித்துக் காரில் ஏற்றுகிறார்கள். அவன் ஓடுகிறான், கத்துகிறான், பிடிபடுகிறான். பண்ணை வீட்டார் உள்ளே போய்விடுகிறார்கள். முதல் நாடாவில் கண்ட அதே பார்வை. இதனை எடுத்தவர் யாரென்று எவரும் கேட்பதில்லை.

இறுதிக் காட்சி ஒரு பள்ளியின் படிக்கட்டு. வகுப்பு விட்டு மாணவர் கூட்டமாக வெளியே வருகிறார்கள். திரையின் இடப்புறத்தில், கூட்டத்தின் நடுவே, மஜீதின் மகனும் ஜோர்ஜின் மகனும் சந்தித்துச் சிறிது நேரம் பேசிப் பிரிகிறார்கள். என்ன பேசினார்கள் என்பது கேட்பதில்லை. அக்காட்சியின் மேலேயே பெயர்ப் பட்டியல் ஓடத் தொடங்குவதால், பார்வையாளர் பலர் அவ்விருவரையும் காணாமலே எழுந்து போய்விட்டார்கள்.